ஒரு நாள் விரட்டினால் மந்தை மாண்டுபோகும்: எபிரேய வேதத்து மேய்ப்பன் பற்றி

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 2

மேய்ப்பன் என்றாலே மென்மையான தலைமை என்று எங்கள் சபையில் வாலிபர் தலைவர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. பாபிலோன் ராஜா ஹமுராபியும் தன்னை மேய்ப்பன் என்றுதான் கல்லில் வெட்டிவைத்தான். பார்வோன் சிலைகளின் கையிலும் வளைந்த கோல் இருக்கிறது. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு அது ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான். கோல் அடிப்பதற்கு, ஆடு அறுப்பதற்கு. இதில் மென்மை எங்கிருந்து வந்தது? நிஜமாகவே ஆடு மேய்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

மேய்த்திருக்கிறேன், தம்பி. 1970களில் பள்ளிக்கூடம் விட்ட கோடை மாதங்களில், தாத்தாவின் செம்மறிக் கிடையோடு சிவகங்கைப் பக்கம் கண்மாய் கண்மாயாக நடந்தவள் நான். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் செவிலியர் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருடம் மேற்பார்வையாளர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு முதிய போதகரிடம் எபிரேயம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியை விட்டுப் போக முடியவில்லை.

எல்லோரும் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்ற 23ஆம் சங்கீதத்தை எடுப்பார்கள். எனக்கு ஆதியாகமம் 33தான் முதலில் வரும். பிரிந்துபோன அண்ணன் ஏசாவும் தம்பி யாக்கோபும் இருபது வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். அண்ணனோடு நானூறு ஆட்கள். வா, சேர்ந்தே போவோம் என்கிறான். தம்பி சொல்கிறான்: பிள்ளைகள் இளசுகள், பால் கொடுக்கிற ஆடுமாடுகள் என்னிடம் இருக்கின்றன, “அவைகளை ஒரு நாளாவது துரிதமாய் ஓட்டினால், மந்தையெல்லாம் மாண்டுபோம்.” நீ முன்னே போ, நான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் தக்கபடி மெதுவாய் வருகிறேன்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் விரட்டினாலே போதும். மேய்த்தவன் வாயிலிருந்துதான் இப்படி வரும். “ஈன்ற ஆட்டை ஓட்டாதே, பால் வத்திப்போகும், குட்டி செத்துப்போகும்” என்று எங்கள் தாத்தா எத்தனை தடவை கத்தியிருப்பார்! மென்மை எங்கே என்று கேட்டீர்கள். நடையின் வேகத்தில் இருக்கிறது என்பது என் பதில்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. பால் கொடுக்கிற ஆடுகளுக்கு அந்த இடத்தில் எபிரேயச் சொல் ஆலோத். மெதுவாய் வருகிறேன் என்பதற்கான வினை நூன், ஹே, லாமெத் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருவது: பார்த்து, தாங்கி, இளைப்பாற விட்டு அழைத்துப் போவது.

இப்போது ஏசாயா 40:11ஐப் பாருங்கள். “ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினால் சேர்த்து, தமது மடியிலே சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்.” கறவலாடுகள் என்பது அதே ஆலோத். மெதுவாய் நடத்துவார் என்பது அதே வேர். யாக்கோபு தன் மந்தையைப் பற்றிச் சொன்ன இரண்டு சொற்களையும் எடுத்து, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பும் ஜனங்களைக் கடவுள் எப்படி அழைத்து வருவார் என்பதற்கு வைத்திருக்கிறது அந்த அதிகாரம். சங்கீதம் 23இல் “அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்” கொண்டுபோய் விடுகிறார் என்ற இடத்திலும் அதே வேர்தான்.

இன்றைய இஸ்ரேலில் மேலாளரை மெனஹேல் என்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியரும் மெனஹேல்தான். இதுவும் அதே வேர். போதகர் இதைச் சொன்ன அன்று எனக்கு மேற்கொண்டு பாடம் ஓடவில்லை.

பிப்ரவரி 3, மாலை

குட்டியை மடியில் சுமப்பது பற்றி ஒருவர், அது படத்துக்கு அழகு, நடைமுறையில் யார் செய்வார்கள் என்று எழுதியிருக்கிறார். செய்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மானாமதுரைக்குத் தெற்கே ஒரு பொட்டலில் போய்க்கொண்டிருந்தோம். சித்திரை வெயில். ஒரு ஆடு பின்தங்கி, சுற்றிச் சுற்றி மண்ணைக் காலால் பறித்தது. தாத்தா வாயில் விரலை வைத்து ஒரு சீழ்க்கை விட்டார். முன்னால் போன மந்தை ஒரு கருவேல மரத்தடியில் நின்றது. அரை மணி நேரத்தில் குட்டி விழுந்தது. தாய் நக்கி முடிக்கும்வரை அவர் பக்கத்தில் போகவில்லை, தள்ளிக் குந்தியிருந்தார். பிறகு குட்டியை எடுத்தார். தோளுக்குத் தூக்கவில்லை. முதுகை வளைத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தாயின் மூக்குக்கு நேராகப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தார். தாய் மோந்துகொண்டே வந்தது. உயரமாகத் தூக்கிவிட்டால் தாய்க்கு வாடை தப்பிவிடும். குட்டியைக் காணோம் என்று ஈன்ற இடத்துக்கே திரும்பி ஓடிவிடும். மந்தை வரைக்கும் இருபது இருபத்தைந்து அடி அவர் அப்படிக் குனிந்தே நடந்தார். மந்தையோடு சேர்த்த பிறகுதான் துண்டில் கட்டி மார்போடு போட்டுக்கொண்டார்.

ஏசாயா வசனத்தில் குட்டியைச் சுமப்பதும் தாயை நடத்துவதும் ஏன் ஒரே வரியில் வருகின்றன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது ஒரே வேலை.

பிப்ரவரி 5

ஹமுராபி விஷயம். நீங்கள் சொன்னது சரி. கி.மு. 18ஆம் நூற்றாண்டு. இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கருங்கல்லின் முகவுரையில் அவன் தன்னை மேய்ப்பன் என்கிறான். ஆனால் அதே கல்லில் 261 முதல் 267 வரை உண்மையான மேய்ப்பர்களுக்கான சட்டங்கள் இருக்கின்றன. தொழுவத்தில் சிங்கம் அடித்தால் மேய்ப்பன் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து தப்பலாம், நஷ்டம் உடைமைக்காரனுக்கு. மேய்ப்பனின் அசட்டையால் நோய் பரவினால் மேய்ப்பன்தான் ஈடு கட்ட வேண்டும்.

யாத்திராகமம் 22:13உம் இதே மாதிரிதான். காட்டு மிருகம் பீறிப்போட்டால் அதற்குச் சாட்சியைக் கொண்டுவரவேண்டும், கொண்டுவந்தால் ஈடு கட்ட வேண்டாம். ஆமோஸ் 3:12இல் மேய்ப்பன் சிங்கத்தின் வாயிலிருந்து “இரண்டு கால்களையாவது ஒரு காதின் துண்டையாவது” பிடுங்குகிறான் அல்லவா? அந்தக் காதுத்துண்டு சாட்சிப்பொருள். ஆமோஸ் பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவாவில் ஆடு வைத்திருந்தவர், இதெல்லாம் அவருக்குத் தெரிந்த தொழில். எங்கள் தாத்தாவும் நரி தின்ற குட்டியின் காதை வெட்டித் துணியில் முடிந்து வைப்பார், கிடையில் ஆடு விட்டிருந்த மற்றவர்களிடம் காட்டுவதற்கு.

மேய்ப்பன் என்றால் கணக்குச் சொல்ல வேண்டியவன். ஆடு அவனுடையது இல்லை. ராஜாக்கள் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள். எபிரேயத் தீர்க்கதரிசிகள் அந்தக் கணக்கைத் திரும்பக் கேட்டார்கள். எசேக்கியேல் 34:10: நான் மேய்ப்பருக்கு விரோதமாக வந்து, “என் ஆடுகளை அவர்கள் கையிலே கேட்டு”. இது கிடையில் ஆடு விட்டவன் பேசுகிற பேச்சு. பேசப்படுவதோ எருசலேம் அரண்மனையைப் பார்த்து.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

யாக்கோபே, தான் யாருடைய ஆட்டை மேய்த்தானோ அந்த மாமனார் லாபானிடம் அப்படிக் கணக்குச் சொல்கிறான், ஆதியாகமம் 31:38-40. ஆடுகள் சினையழியவில்லை, கடாக்களை நான் தின்னவில்லை, பீறுண்டதை உம்மிடம் கொண்டுவராமல் நானே ஈடு செய்தேன், பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்னைத் தின்றன, தூக்கம் என் கண்ணுக்குத் தூரமாயிருந்தது. சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறான். இருபது வருடம்.

பிப்ரவரி 6

கோல். நேற்று ஒருவருக்குப் பதில் எழுதும்போது, கோல் ஆடுகளை எண்ணுவதற்குத்தான், அடிப்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

எண்ணுவதற்கும்தான்: லேவியராகமம் 27:32இல் கோலின்கீழ்ப்பட்ட பத்தாவது ஆடு கர்த்தருக்குரியது. ஆனால் 23ஆம் சங்கீதத்தில் வரும் கோல், ஷேவெத், செங்கோலுக்கும் கோத்திரத்துக்கும் அதே சொல். இரண்டாம் சங்கீதத்தில் ஜாதிகளை நொறுக்கும் இருப்புக்கோலும் அதுவே. 23இல் அதோடு சேர்ந்து வரும் தடி, மிஷ்எனெத், சாய்ந்துகொள்ளும் ஊன்றுகோல். ஒரு கையில் அடிக்கிற கம்பு, மறு கையில் சாய்கிற கம்பு. இரண்டும் சேர்ந்து என்னைத் தேற்றும் என்கிறான் சங்கீதக்காரன்.

இன்னொன்று. சங்கீதம் 2:9இல் நொறுக்குவீர் என்ற சொல்லின் எழுத்துகள் தாவ், ரேஷ், ஆயின், மேம். பழைய ஏடுகளில் உயிர்க்குறி கிடையாது. ஒரு மாதிரி வாசித்தால் தெரோஎம், நொறுக்குவீர். இன்னொரு மாதிரி வாசித்தால் திர்எம், மேய்ப்பீர். யூதர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு மேய்ப்பீர் என்றுதான் வாசித்தது. ஆக உங்கள் சந்தேகம் அந்த எழுத்துகளுக்குள்ளேயே கிடக்கிறது, தம்பி. நான் அதை மூடி மறைக்க மாட்டேன்.

பிப்ரவரி 8

கம்பு யார் மேல் விழுந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிடையில் தண்ணீர்த் தொட்டியில்தான். மரத்தொட்டி, எட்டு பத்து ஆடு ஒரே நேரத்தில் குடிக்கலாம். கொழுத்த கடாக்கள் விலாவால் இடித்து முன்னால் வந்துவிடும், போன வருடத்துக் குட்டிகள் பின்னாலேயே நிற்கும். தாத்தா தொட்டியின் ஓரத்தில் நின்று கம்பைக் குறுக்கே பிடிப்பார். கடா தலையை நீட்டினால் மூக்கின் மேல் ஒரு தட்டு. இளைத்தது குடித்து முடித்தால்தான் கம்பு உயரும்.

எசேக்கியேல் 34:18-21ஐ வாசியுங்கள். நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கிறீர்கள், தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் குழப்புகிறீர்கள், பக்கத்தினாலும் முன்னந்தொடையினாலும் தள்ளி, பலவீனமானதைக் கொம்பால் முட்டுகிறீர்கள். “நானே கொழுத்த ஆடுகளுக்கும் இளைத்த ஆடுகளுக்கும் நியாயந்தீர்ப்பேன்.” இதை எழுதியவர் தொட்டியடியில் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவர் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை, ஆனாலும் தோன்றும்.

பிப்ரவரி 9

மக்களை ஆடு என்று சொல்வது இழிவில்லையா என்று கேட்டவருக்கு: அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், 34:31. என் மேய்ச்சலின் ஆடுகளாகிய “நீங்கள் மனுஷர்”. உருவகத்தை எடுத்தவரே கடைசியில் அதை இறக்கி வைக்கிறார்.

பிப்ரவரி 11

இப்போது எனக்கே நெருடும் ஒன்று. யாக்கோபின் அந்த அழகான பேச்சு ஒரு சாக்குப்போக்கும்கூட.

உன் ஊரான சேயீருக்கு வந்து சேர்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னான். வரவில்லை. 33:16-17: ஏசா சேயீருக்குத் திரும்பிப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டினான். மந்தையின் நடை பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் அண்ணனை விலக்கினான். முதல் நாள் நான் இதை எழுதியபோது அந்த வசனங்களைத் தாண்டிப் போய்விட்டேன், தெரிந்தே.

அடுத்த அதிகாரம் இன்னும் கனமானது. மகள் தீனாளுக்குக் கொடுமை நடக்கிறது. யாக்கோபு கேள்விப்படுகிறான். மகன்கள் மந்தையோடு வெளியில் இருந்ததால், அவர்கள் வரும்வரை பேசாமல் இருந்தான், 34:5. பிறகும் அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. மகன்கள் ஊரையே வெட்டிய பிறகுதான் பேசுகிறான், அதுவும் தன் பெயர் கெட்டுப்போனதைப் பற்றி. கறவலாட்டின் நடை தெரிந்தவனுக்கு மகளுக்காக வாய் திறக்கத் தெரியவில்லை.

மெதுவாக நடப்பவர் எல்லோரும் மென்மையானவர் இல்லை. சிலர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கப் பயந்து மெதுவாக நடக்கிறார்கள்.

பிப்ரவரி 12

நேற்று எழுதிய கடைசி வரி யாரைப் பற்றி என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றித்தான். சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மூத்த செவிலியர்கள் இருவர் புதிதாக வந்த பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவார்கள். தீபாவளிக்கு முந்தின இரவு, பொங்கல் இரவு எல்லாம் புதியவர்கள் தலையில். நல்ல வார்டு, நல்ல நேரம் எல்லாம் தங்களுக்கு. எனக்குத் தெரியும். நான் சத்தம் போடாத மேற்பார்வையாளர் என்று பெயர் எடுத்திருந்தேன், அந்தப் பெயர் பிடித்திருந்தது. கம்பைக் குறுக்கே பிடிக்கவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பிரசவ விடுப்பு முடிந்து ஒரு பெண் வேலைக்குத் திரும்பினாள். ஆள் பற்றாக்குறை. எல்லோருக்கும் போட்ட மாதிரியே அவளுக்கும் தொடர்ந்து இரவுப் பணி போட்டேன். பாரபட்சம் இல்லாமல் நடத்துகிறேன் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் விடியற்காலை நாலு மணிக்கு மருந்து அறையில் பார்க்கிறேன்: பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கை நடுங்க, நனைந்த சீருடைக்கு முன்னால் ஒரு ஃபைலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஊசி மருந்தை அளந்துகொண்டிருக்கிறாள். “ஒண்ணுமில்லை மேடம், இன்னும் மூணு மணி நேரம்தான்” என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

ஈன்ற ஆட்டை ஓட்டாதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆலோத் என்ற சொல்லைப் போதகர் பலகையில் எழுதிய அன்று எனக்கு அந்த ஃபைல்தான் கண்ணில் நின்றது.

பிப்ரவரி 15

ஆடு அறுப்பதற்குத்தானே என்ற உங்கள் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆமாம், அறுத்தார்கள். பலிக்கும் விருந்துக்கும். வேதம் இதை ஒளிக்கவில்லை. “அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்” என்று 44ஆம் சங்கீதம் கடவுள் முகத்துக்கு நேராகவே சொல்கிறது. ஆனால் கிடை வைத்திருப்பவனுக்குச் சொத்து என்பது ஈனுகிற பெட்டை ஆடு. பால், ரோமம், அடுத்த ஈத்து. கசாப்புக்காரன் ஒரு ஆட்டை ஒரு நாள் பார்க்கிறான், மேய்ப்பன் அதை ஆறேழு வருடம் பார்க்கிறான்.

பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையை நினையுங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி. அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்திருந்தது. பணக்காரன் அதைப் பிடித்துச் சமைத்தான். பழைய மேய்ப்பனான தாவீது கேட்டதும் கொதித்து எழுகிறான், அவன் சாக வேண்டும் என்கிறான். நீயே அந்த மனுஷன் என்கிறார் நாத்தான். ராஜா மேய்ப்பனா கசாப்புக்காரனா என்பதுதான் அங்கே வழக்கு.

எசேக்கியேல் 34:4இல் கெட்ட மேய்ப்பர்கள் “பலாத்காரமும் கடூரமுமாய்” ஆண்டார்கள் என்று வரும். அந்தக் கடூரம் எபிரேயத்தில் பெரெக். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரிடம் வேலை வாங்கியதற்கும் அதே சொல். லேவியராகமம் 25இல் அடிமைப்பட்டுப்போன சகோதரனை அப்படி ஆளாதே என்று தடுப்பதும் அதே சொல். உன் சொந்த ஜனத்துக்கு நீ பார்வோன் ஆகிவிட்டாய் என்று எருசலேம் ராஜாக்களைப் பார்த்துச் சொல்ல அந்த ஒரு சொல் போதும்.

பிப்ரவரி 16

ஒரு எழுத்து வித்தியாசம் பற்றி இன்னொன்று, சுருக்கமாக. எசேக்கியேல் 34:16இல் கொழுத்தவைகளையும் பெலமுள்ளவைகளையும் அழிப்பேன் என்று எபிரேயம். கிரேக்க மொழிபெயர்ப்பில் காப்பேன். தாலெத் எழுத்தும் ரேஷ் எழுத்தும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அதனால் வந்தது. அந்தச் செவிலியர்கள் இருவரையும் நினைத்தால் ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. “நியாயத்தோடே அவைகளை மேய்ப்பேன்” என்று அதே வசனம் முடிகிறது. அதில் இரண்டு ஏடுகளுக்கும் சண்டை இல்லை.

பிப்ரவரி 19

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். வகுப்பில், மேலைநாட்டில் நாயை விட்டு ஆட்டைப் பின்னாலிருந்து ஓட்டுவார்கள், வேதத்து மேய்ப்பன் முன்னால் நடப்பான், அதுதான் தலைமை என்று சொன்னார்களாம். சரியா என்கிறார்.

பாதி சரி. கர்த்தர் முன்னால் நடத்துகிறார் என்று பல இடத்தில் இருக்கிறது. ஆனால் தாவீதைப் பற்றி 2 சாமுவேல் 7:8 என்ன சொல்கிறது? ஆட்டுமந்தையின் பின்னே நடந்த உன்னை எடுத்தேன். 78ஆம் சங்கீதத்தின் முடிவில் இன்னும் துல்லியமாக: “கறவலாடுகளின் பின்னாகத் திரிந்த அவனை”. மூன்றாவது தடவையாக நம்முடைய ஆலோத். ராஜாவாகுமுன் அவன் நின்ற இடம் பால் கொடுக்கிற ஆடுகளுக்குப் பின்னால். இருதயத்தின் உண்மையால் மேய்த்தான், கைகளின் திறமையால் நடத்தினான் என்று அந்தச் சங்கீதம் முடிகிறது. கைகள் என்று சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

யூத ரபீக்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். யாத்திராகமத்துக்கான பழைய மித்ராஷ் விளக்கத்தில் ஒரு கதை: தாவீது பெரிய ஆடுகளைத் தடுத்து நிறுத்தி, குட்டிகளை முதலில் விட்டு இளம்புல் மேயவைப்பான், பிறகு கிழடுகள், கடைசியில் திடமானவை முரட்டுப்புல்லை மேயும். அதே இடத்தில் மோசே கதை: ஓடிப்போன குட்டி ஒன்றைத் தேடிப் போகிறான், அது ஒரு தண்ணீரண்டை நின்று குடிக்கிறது. தாகத்தால் ஓடினாய் என்று எனக்குத் தெரியவில்லையே, களைத்திருப்பாய் என்று தோளில் தூக்கி வருகிறான்.

பிப்ரவரி 20

உங்கள் தாத்தா முன்னால் நடந்தாரா பின்னால் நடந்தாரா என்று கேட்கிறார் தம்பி.

முன்னால் நடந்தது சித்தப்பா. நல்ல குரல், அவர் “ஹேய்... பா பா” என்று கூப்பிட்டால் மந்தை முழுதும் தலை தூக்கும். வழி, தண்ணீர், யார் வயலில் இன்றைக்குக் கிடை போடுவது, எல்லாம் அவர் பொறுப்பு. தாத்தா கடைசி ஆட்டுக்கும் பின்னால், கையில் கம்பும் தோளில் துண்டுமாக வருவார். நான் அவர் பக்கத்தில். போன மாதம் சித்தப்பாவுக்கு போன் போட்டு, வழியில் ஈன்ற ஆடுகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு இப்போது எண்பது வயது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லையே தாயி. சீழ்க்கை கேட்டா நிப்பேன்” என்றார்.